கடைசி பெஞ்சில் சுமலதா

தெலுங்கு பேசும் ஊரான உப்பலில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனிகள் இருக்கிற தெருவில், மூன்றாவது ஷெட்டில் சுமலதாவுக்கு வேலை. மெஷினில் வெட்டி வருகிற அட்டையை மடித்து, பசை தடவி, கைமுட்டியால் அழுத்திப் பிடித்து, பெட்டியாக்கி அடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். அட்டையின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். நவம்பர் குளிர் தொடங்கிய வாரத்தில் ஓர் அட்டை அவளுடைய வலது கட்டைவிரலை ஆழமாகக் கீறிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு நாலு நாள் வேலை செய்தாள். அந்த நாலு நாளும் மகளின் பள்ளி டைரியில் போட்ட கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது ரக்ஷிதா பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு. மற்ற நாளென்றால் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் டைரியை நீட்டுவாள். வீட்டில் இருபது நிமிஷம் சத்தமாகப் படித்ததாக அப்பாவோ அம்மாவோ தினமும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் புருஷன் கிரி விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, ராமச்சந்திராபுரம் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்ஸை ஓட்டிவிட்டு ஏழு மணிக்குத்தான் வருவான். அதனால் கையெழுத்து சுமலதாவின் வேலை.

"இன்னாடி, எலுமிச்ச சாதம் அப்டியே கீது? ஒடம்பு சரியில்லியா?"

"ஏமி லேது," என்றாள் மகள், ஒன்றுமில்லை என்று. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். வாயில் வருவது மட்டும் தெலுங்கு.

சுமலதா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவியதும் அழுகை வெடித்தது. தெலுங்கிலும் விக்கலிலுமாக அவள் சொன்னதைக் கோர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான்.

தசரா லீவுக்குப் பிறகு புது வகுப்பாசிரியை வந்திருந்தார், பிரசன்னா மேடம். முன்பிருந்த டீச்சர் டைரியைத் திறக்காமலே டிக் அடிப்பார். இந்த மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ரக்ஷிதாவின் டைரியில் கையெழுத்து இரண்டு மாதிரி இருந்தது. இரண்டுமே மேடத்துக்கு எழுத்தாகத் தெரியவில்லை. சுழியும் வளைவுமாக இருந்தது. நீயே போட்டாயா என்று கேட்டார். அம்மா போட்டது என்றாள் ரக்ஷிதா. அம்மா போட்டால் ஏன் இரண்டு விதம் என்றார். பிரின்சிபாலிடம் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்து, டைரியை விரித்துப் பிடித்தபடி கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். இரண்டு பீரியட். தினமும் காலையில் எழுந்து நின்று ஒரு பத்தியைப் படித்துக்காட்டும் ரீடிங் லீடர் பேட்ஜையும் கழற்றி வாங்கிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். 'தொங்க சந்தகம்.' கள்ளக் கையெழுத்து.

சுமலதா எழுந்து போய் அரிசி களைந்தாள். குக்கர் நாலு விசில் அடித்தும் அவள் அதை இறக்கவில்லை.

கிரி வந்து, கால் கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். தக்காளிப் பருப்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே சிரித்துவிட்டான்.

"அரே, தமிழ்ல கையெழுத்து போட்டா இங்க எவனுக்குத் தெரியும்? ஒரு எஸ் போடு, பக்கத்துல ஒரு கோடு இழு. ஆயிப்போச்சு. நான் போடல?"

"நான் எதுக்குக் கோடு இழுக்கணும்? ஜோலார்பேட்டையில எட்டாவது வரைக்கும் படிச்சவ நான். எம் பேர எனக்கு எழுதத் தெரியும்."

"தெரியும்மா, யாரு இல்லேன்னா? கைக்கு, எதுக்கு இந்தத் தகராறு? நாளைக்குப் போயி, நான்தான் போட்டேன் மேடம், சாரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா."

"சாரி நான் சொல்லணுமா?"

"யாராச்சும் சொல்லணும்ல?"

"ஹவ், ஆமா. யாராச்சும் சொல்லணும்," என்றாள் சுமலதா. அவன் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு சபீனாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் எதிரெதிராக நின்று பெட்டி ஒட்டுகிறவர்கள்.

"பன்னண்டு மணி ஷிப்டுக்கு வந்துடறேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லு."

"நக்கோ, வேணாம், நீ அவசரப்படாத," என்றாள் சபீனா. இத்தனை வருஷத்தில் அவளும் தமிழில் பாதி பேசுவாள். "நல்லாக் கேளு. என் பொண்ண நிக்க வெச்சிருந்தா நான் மேஜையவே தள்ளியிருப்பேன்."

பள்ளிக்கூடம் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே மூன்று மாடி. பிரின்சிபால் சீதாராமன் முதல் மாடியில் இருந்தார். அறுபதை நெருங்கியவர், ஒல்லி, சட்டைப்பையில் நாலு பேனா. சுமலதா தன் உடைந்த தெலுங்கில் விஷயத்தைச் சொன்னாள். அவர் பிரசன்னாவைக் கூப்பிட்டனுப்பினார். வந்த பெண்ணுக்கு இருபத்துநாலு வயதுக்கு மேல் இருக்காது. தொண்டை கட்டியிருந்தது.

சுமலதா ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கி அவர்களுக்கு எதிரிலேயே கையெழுத்துப் போட்டாள். கட்டைவிரலில் இன்னும் ஆறாத காயத்தையும் காட்டினாள்.

பிரசன்னா தாளைத் தூக்கிப் பார்த்தார். டைரியோடு ஒப்பிட்டார். முகம் வெளுத்துப் போனது. "இது தமிழாங்க? எனக்குத் தமிழ் தெரியாது. சாரிடமும் காட்டினேனே, அவரும் ஒன்றும் சொல்லவில்லையே."

அந்த நேரம் பார்த்து சீதாராமனின் போன் அடித்தது. எடுத்தார். "ஆங், சொல்லு. மத்தியானம் வந்துடறேன். ரசம் மட்டும் வெச்சாப் போறும்," என்று தமிழில் சொல்லி வைத்துவிட்டார்.

சுமலதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"சார், நேத்து இந்த டைரிய உங்ககிட்டதான் கொண்டாந்து காட்டுனாங்களா?"

அவர் பிரசன்னாவை வகுப்புக்குப் போகச் சொன்னார். கதவு சாத்தும் வரை காத்திருந்தார்.

"இங்க பாரும்மா. முப்பது வருஷமா இந்த ஊர்ல கணக்கு சொல்லிக்குடுத்துண்டிருக்கேன். நான் தமிழ்க்காரன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்சா, தமிழ்க்காராளுக்கு சலுகை பண்றேன்னு நாலு பேர் பேசுவா. அதனால நான் அதுல தலையிடல."

"சலுகை யாரு கேட்டா? படிச்சீங்களா இல்லியா, அதச் சொல்லுங்க."

அவர் பேனா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். "சரி. நடந்தது நடந்து போச்சு. மேடம் இனிமே கேக்க மாட்டாங்க. நீங்களும் இனிமே இங்கிலீஷ்லயோ தெலுங்குலயோ போட்டுடுங்க. முடிஞ்சுது."

"எனக்கு முடியல சார். நாப்பத்தாறு புள்ளைங்க முன்னாடி நிக்க வெச்சீங்க. அதே நாப்பத்தாறு பேர் முன்னாடி அவ பொய் சொல்லலன்னு சொல்லணும்."

"டீச்சர் கிளாஸ்ல மன்னிப்புக் கேட்டா நாளைக்கு அவங்கள யார் மதிப்பா?"

"மன்னிப்பு நான் கேக்கவே இல்லியே. நடந்தத நடந்தபடி சொல்லச் சொல்றேன்."

"அது முடியாது."

"சரி. சொல்ற வரிக்கும் நான் கிளாஸ்லயே உக்காந்துக்கறேன்."

சீதாராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்குப் போகிற பெண், ஒரு மணி நேரம் தாங்குவாளா என்று நினைத்திருப்பார். "தாராளமா உக்காருங்க. பாடம் எப்படி நடக்கறதுன்னு நீங்களும் பாருங்களேன்," என்றார்.

இரண்டாம் மாடியில் ஐந்து பி. ஜன்னல் ஓரம் ஒரு கடைசி பெஞ்ச், ஒரு கால் ஆடும். சுமலதா அதில் போய் உட்கார்ந்தாள். நாற்பத்தாறு தலைகள் திரும்பின. மூன்றாம் பெஞ்சில் ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். காலையில் அவள் கையால் கட்டிவிட்டது.

பிரசன்னா பலகையில் தேதி எழுதினார். "இன்று வானிலை எப்படி?" என்று கேட்டார். ஒரு பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "சலி மேடம், பொகமஞ்சு!" என்று கத்தினான். குளிர், பனிமூட்டம் என்று. சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் அன்றைய கட்டத்தில் சாம்பல் நிறம் தீட்டினான். அடுத்து ஐந்து மனக்கணக்கு. பென்சிலைத் தொடக் கூடாது.

"ஒரு பெட்டியில் இருபத்துநாலு பென்சில். பதினைந்து பெட்டியில் எத்தனை?"

முன்னூற்றறுபது என்று சுமலதாவுக்கு உடனே வந்துவிட்டது. பெட்டிக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. மூன்றாம் பெஞ்சில் ரக்ஷிதாவின் உதடு அசைந்ததைப் பக்கவாட்டில் பார்த்தாள். மகளுக்கு விடை தெரியும். ஆனால் கை எழும்பவில்லை. ஐந்து கணக்குக்கும் எழும்பவில்லை. அதுதான் சுமலதாவைச் சுட்டது. நேற்று அவள் அழுதபோதுகூட இப்படி இல்லை.

வினய் என்ற பையன் பேட்ஜைக் குத்திக்கொண்டு பத்தி படித்தான். நாலு இடத்தில் தடுக்கினான். பிறகு டிக்டேஷன், பத்து வார்த்தை. பக்கத்துப் பையனோடு நோட்டை மாற்றித் திருத்துவது. அறிவியல் பீரியடில் பிள்ளைகள் ஜன்னல் திட்டிலிருந்து பிளாஸ்டிக் டம்ளர்களை எடுத்து வந்தார்கள். ஈரப்பஞ்சில் முளைவிட்ட பச்சைப்பயறு. குழுவுக்கு ஒரு ஸ்கேல். எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று அளந்து நோட்டில் கட்டம் போட்டு எழுதினார்கள். என்னுடையது மூன்றரை, உன்னுடையது மூன்று என்று சண்டை. பிரசன்னா ஒவ்வொரு குழுவாகக் குனிந்து பார்த்து, ஸ்கேலின் பூஜ்ஜியம் எங்கே வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் காட்டினார். நாலு பீரியடும் அந்தப் பெண் உட்காரவே இல்லை. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக் குடித்துக் கத்தினார். நின்றே செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று சுமலதாவுக்குத் தெரியும். அவர் கால் மாற்றி நின்றதைப் பார்த்து இவளுக்கே முழங்கால் வலித்தது.

சாப்பாட்டு நேரத்தில் பிரசன்னா கடைசி பெஞ்சுக்கு வந்தார். "நான் வேலைக்குச் சேர்ந்தே ஐந்து வாரம்தான் ஆகிறது. சார் சொல்லாமல் நான் எதுவும் சொல்ல முடியாது. என்னைக் கஷ்டப்படுத்தாதீங்க," என்றார் தெலுங்கில்.

"உங்க மேல எனக்குக் கோவம் கெடையாது மேடம்," என்றாள் சுமலதா, தெரிந்த தெலுங்கில். "தொண்டைக்கு ரெண்டு மிளகு வாயில போட்டுக்குங்க. ஆனா நான் எந்திரிச்சுப் போவ மாட்டேன்."

பன்னிரண்டு மணி ஷிப்டுக்கு அன்று அவள் போகவில்லை. கடைசி மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ரக்ஷிதா பத்தடி முன்னால் நடந்தாள். உள்ளே வந்ததும் பையை வீசினாள். "எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க! உங்கம்மா ஐந்தாம் வகுப்பு ஃபெயிலான்னு கேக்குறாங்க. ரேப்பு ராவத்து! நாளைக்கு வராத!" என்று தெலுங்கில் கத்தினாள்.

"வரத்தான் போறேன்."

"எனக்கு அந்தப் பேட்ஜே வேணாம்!"

"பேட்ஜுக்காகவா நான் வந்து உக்காந்துகீறேன்? உன்னப் பொய்க்காரின்னாங்க. அது அப்டியே நின்னுப்போவும்டி. ஏழாவதுல, பத்தாவதுல, யாராச்சும் எங்கியாச்சும் எதையாச்சும் தொலச்சா, மொதல்ல உன்னத்தான் திரும்பிப் பாப்பாங்க. எனக்குத் தெரியும்."

கிரி அன்று சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து சொன்னான். "பாரு, வேற ஸ்கூல்ல நடுவுல சேக்க மாட்டாங்க. அந்தாளு டிசி குடுத்தான்னா இன்னா பண்றது? நம்ம தெரு ஃபுல்லா அங்கதான் படிக்குது. யாருக்கும் இல்லாத ரோஷம் உனக்கு மட்டும் கைக்கு?"

"யாரையும் இப்டி நிக்க வெக்கல."

"வெச்சிருந்தாலும் அனுசரிச்சுப் போயிருப்பாங்க."

"அதாங்க எனக்குத் தெரியல, அந்த அனுசரிக்கறது," என்றாள். குரலில் கேலி இல்லை. கிரி எழுந்து தட்டைக் கழுவி வைத்தான். பிறகு, நாளைக்குக் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ என்றான்.

புதன்கிழமை அவள் போனபோது கடைசி பெஞ்ச் இல்லை. ஆடுகிற காலை ரிப்பேர் செய்ய எடுத்துப் போய்விட்டார்களாம். வாட்ச்மேன் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். சுமலதா கம்பெனி ஏப்ரனைப் பையிலிருந்து எடுத்து, பசைக்கறை கீழே வரும்படி மடித்து, பின்சுவர் ஓரம் தரையில் போட்டு உட்கார்ந்தாள். டைல்ஸ் பனிக்கட்டியாக இருந்தது. ஸ்வெட்டர் மேலுக்குத்தான் உதவியது. மத்தியானத்துக்குள் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் காலை மாற்றி மடித்தாள்.

அன்று பிள்ளைகள் சிரிக்கவில்லை. இடைவேளையில் ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். இன்னொருத்தி டிக்டேஷன் நோட்டைக் காட்டி, பத்துக்கு ஒன்பது ஆன்ட்டி என்றாள். ரக்ஷிதா ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அம்மா தரையில் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது. அதன்பிறகு பலகையைப் பார்க்காமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சபீனா வந்தாள். "சூப்பர்வைசர் கேட்டான். உன் அடுக்கையும் சேத்து நானே ஒட்டறேன்னேன். நாளைக்கும் போ. நாளன்னைக்கும் போ," என்றாள். அவள் கை இரண்டிலும் பசை காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை. தேதி எழுதியாகிவிட்டது. வானிலைக் கட்டத்தில் மஞ்சள் தீட்டியாகிவிட்டது, அன்று வெயில். பிரசன்னா முதல் மனக்கணக்கைச் சொல்ல வாயெடுத்தபோது, மூன்றாம் பெஞ்ச் இழுபடும் சத்தம் கேட்டது. ரக்ஷிதா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்தாள்.

சுமலதா பதறிப்போனாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "ஏய், எந்திரி. உன் எடத்துக்குப் போ. உனக்கு எதுக்குடி இது, நீ படிக்கற வேலயப் பாரு," என்று கிசுகிசுத்தாள்.

"இங்கிருந்தே படிக்கிறேன்," என்றாள் மகள் தெலுங்கில், குரலைத் தாழ்த்தாமல்.

"ரக்ஷிதா, உன் இடத்துக்குப் போ," என்றார் பிரசன்னா.

ரக்ஷிதா எழுந்து நின்றாள். டீச்சரோடு பேசும்போது எழுந்து நிற்க வேண்டும் என்ற பழக்கம் விடவில்லை. "வெள்ளனு மேடம்," என்றாள். போக மாட்டேன். "எங்கம்மா கீழே உட்கார்ந்திருக்காங்க. நான் பொய் சொல்லலை. நான் பொய் சொல்லலைன்னு நீங்க சொல்ற வரைக்கும் இங்கேதான் உட்காருவேன்."

ரவுண்டு வந்த சீதாராமன் வாசலில் நின்றுவிட்டார். பிரசன்னா அவரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தார். பிரசன்னா கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தார். விரல்களைப் புடவை ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இங்கே பாருங்கள்," என்றார், எல்லாருக்கும் புரியும்படி நிதானமான தெலுங்கில். "திங்கட்கிழமை ரக்ஷிதா கள்ளக் கையெழுத்துப் போட்டாள் என்று நான் சொன்னேன். அவள் போடவில்லை. அவள் அம்மா தமிழில் போட்டிருந்தார்கள். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவளை நிற்க வைத்தேன். தப்பு என்னுடையது. இனிமேல் அந்தப் பேரைச் சொல்லி யார் அவளைக் கூப்பிட்டாலும் என்னிடம் பதில் சொல்ல வேண்டும்."

வினய் தானாகவே பேட்ஜைக் கழற்றத் தொடங்கினான். ஊக்கு மாட்டிக்கொண்டது. "மேடம், அப்போ நான் இன்னைக்குப் படிக்க வேண்டாமா?" என்றான், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல். வகுப்பு முழுதும் சிரித்தது. பிரசன்னாவும் சிரித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ரக்ஷிதா தன் இடத்துக்குப் போனாள். சுமலதாவால் எழுந்திருக்க முடியவில்லை, கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிரசன்னாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பாடத்த நடத்துங்க மேடம். நேரமாவுது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சீதாராமன் வராந்தாவில் காத்திருந்தார். "ஆபீசுக்கு வாங்க," என்று முன்னால் நடந்தார். மேஜையில் ஒரு சர்க்குலர் கட்டு இருந்தது. அச்சடித்த சூடு இன்னும் போகவில்லை. பக்கத்தில் ஒரு நோட்டு, கோடு போட்டுப் பெயர்கள் எழுதியது.

"எல்லாப் பேரன்ட்ஸுக்கும் குடுக்கறோம். முதல் காப்பி உங்களுக்கு. வாங்கிண்டதுக்கு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"இதுல இன்னா போட்டுகீது சார்? எனக்கு இங்கிலீஷ் வராது."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார். "நாளையிலேர்ந்து டைரில பெற்றோர் கையெழுத்து இங்கிலீஷ்லயோ தெலுங்குலயோதான் இருக்கணும். மத்த பாஷைல போட்டா செல்லாது."

"சரி," என்றாள் சுமலதா. சர்க்குலரை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். அவர் நீட்டிய பேனாவை வாங்கினாள். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கட்டத்துக்குள் அடங்குமா என்று பார்க்காமல், சுழிக்காமல், சேர்க்காமல், தமிழில் ஒவ்வோர் எழுத்தாகப் பெரிதாக எழுதினாள். கி. சுமலதா. அடுத்த பெயருக்கான கட்டத்தையும் அது பிடித்துக்கொண்டது. நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இத வெச்சே நாளைக்கு டைரிலயும் பாத்துக்குங்க சார். ஒரே மாதிரிதான் இருக்கும்."

சீதாராமனின் கண்கள் அந்த வரியின்மேல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நகர்ந்ததை அவள் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணி ஷிப்டைப் பிடிக்கப் படியிறங்கினாள்.